சண்முகலிங்கத்தார் உள்ளுக்குப் போவாரோ

"முதலாவது சூப்பு. அதை விடுவம். இந்தக் காத்துக்கை ஆர் சூப்புக் குடிக்கிறது, அரைவாசி மூக்குக்கைதான் போகும்."

சண்முகலிங்கத்தார் ரெண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்கிறார். முன்னாலை ஒரு கண்ணாடிப் பெட்டி. கடற்கரை ஹோட்டல் வாசலிலை கொழுவியிருக்கு. அதுக்குள்ளை இண்டைக்கு என்ன சாப்பாடு எண்டு எழுதி ஒட்டியிருக்கினம். பின்னாலை ஒரு ஜெர்மன் சோடி தாங்களும் பார்க்கவேணும் எண்டு காத்துக்கொண்டு நிக்குது. அவர் விலகமாட்டார்.

"ரெண்டாவது ஊறப்போட்ட ஹெறிங். அது மீன் ஊறுகாய். ஊறுகாயைச் சோறில்லாமல் தின்னுற ஆக்கள் உலகத்திலை இவங்கள் மட்டும்தான். மூண்டாவது..."

மூண்டாவதிலை குரல் கொஞ்சம் இறங்கும். எப்பவும் இறங்கும். "முழுசாப் பொரிச்ச றோட்ஸ்பெட்ட. புது உருளைக்கிழங்கு. கொத்தமல்லி மாதிரிப் பெர்சில இலை வெட்டிப் போட்ட வெள்ளைச் சோஸ்." றோட்ஸ்பெட்ட எண்டால் செம்புள்ளி போட்ட சப்பட்டை மீன், இந்தக் கடலிலை பிடிக்கிறது. அந்த வரியிலை கொஞ்ச நேரம் நிப்பார். பிறகு ஸ்ட்ரோபெரி, ஐஸ்கிறீம், கோப்பி எல்லாத்தையும் ஒரே மூச்சிலை ஓடி முடிச்சுப்போட்டு, "ம், பாப்பம்" எண்டு திரும்பி வானுக்கு நடப்பார். ஜெர்மன்காரர் ரெண்டு பேரும் அவருக்குத் தலை குனிஞ்சு நன்றி சொல்லுவினம். அவரும் பெட்டி தன்ரை எண்ட மாதிரித் தலையை ஆட்டுவார்.

இது கோடையிலை ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கும்.

நாங்கள் மூண்டு பேர், ஒரு வான். ஓல்போர்க் எண்ட டெனிஷ் பட்டணத்திலை இருக்கிற ஒரு சலவை ஆலைக்கு வேலை செய்யிறம். சனிக்கிழமை வாடகைக்கு விடுற கோடைவீடுகளிலை பழைய ஆக்கள் போய்ப் புது ஆக்கள் வாற நாள். கட்டில் விரிப்பு, துவாய், மேசைத்துணி எல்லாத்தையும் மேற்குக் கரை முழுக்கக் குடுத்து, அழுக்கை ஏத்திக்கொண்டு வரவேணும். வான் ஓடுறது நான். மூட்டை தூக்கிறது மாமாங்கம் அண்ணை, மட்டக்களப்பு ஆள், தோள் கதவு மாதிரி. மூட்டையைப் பிரிச்சுப் பார்க்கிறதும் குறை சொல்லுறதும் சண்முகலிங்கத்தார். யாழ்ப்பாணத்து ஆள். அந்தப் பதவியை ஆரும் குடுக்கேல்லை, அவராய் எடுத்தவர்.

குறை சொல்லுறதெண்டால் சும்மா இல்லை. ஹோட்டல் பின்கதவாலை அழுக்கு மேசைத்துணி வரும். மற்ற ஆக்கள் எண்டால் சுருட்டி எறிவினம். இவர் ஒண்டு ரெண்டை விரிச்சுப் பிடிப்பார், சாதகம் பார்க்கிற மாதிரி. "பிள்ளை, இஞ்சை வா. இது புருசனும் பெண்சாதியும் கோவிச்ச மேசை. இந்தப் பக்கம் பார், சோஸ், வைன், எல்லாம் சிந்தியிருக்கு. அந்தப் பக்கம் ஒரு பொட்டும் இல்லை. ஒராள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கு." இன்னொண்டை விரிப்பார். "இது சின்னப்பிள்ளை. இது கிழவர், கை நடுங்கியிருக்கு. இது... இது சமையல்காரன் மாறியிட்டான். போன கிழமைச் சோஸ் துணியிலை ஓடினது. இந்தக் கிழமைச் சோஸ் நிண்டிருக்கு. இவன் நல்லவன்."

உண்மையாய்ச் சமையல்காரன் மாறித்தான் இருந்தவன். அந்த ஹோட்டலிலை ஒரு நாளும் கதிரையிலை இருந்தறியாத மனுசனுக்கு அந்த ஹோட்டல்ச் சாப்பாடு முழுக்கத் தெரியும், அடிப்பக்கத்தாலை.

வசதி எண்டு பார்த்தால் இதை விட வசதியான கடை இல்லை. எங்கடை சுத்து முடியிற இடம் இதுதான். வான் நிக்கிற இடத்திலை இருந்து வாசல் கல் எறி தூரம் கூட இல்லை. மத்தியானம் கோடைவீட்டு முற்றத்திலை நிண்டு திண்ட பாண் எப்பவோ செமிச்சுப்போடும். வீட்டுக்கு ஒரு மணித்தியால ஓட்டம். யன்னலாலை பார்த்தால் வெள்ளைத்துணி போட்ட மேசை, அங்காலை கடல், கடலுக்கும் மேசைக்கும் நடுவிலை மணலிலை கார் ஓடுது, இந்தக் கரையிலை அதுக்கு அனுமதி.

"அண்ணன்," எண்டு மாமாங்கம் அண்ணை தொடங்குவார். அவர் கதைச்சால் மட்டக்களப்புக் 'கா' வைச்சு ஒரு பாட்டு மாதிரி இழுத்து முடியும். "கடை முன்னால இரிக்கு. பசி வயித்துக்குள்ள இரிக்கு. மறுகா என்னத்துக்கு நடுவுல நிண்டு பாடம் படிக்கிற?"

"சப்பாத்திலை மணல்."

"கடற்கரைக் கடையில மணல் இல்லாம அரிசியா இரிக்கும்?"

"வெய்யில் முகத்துக்கு நேரை அடிக்குது."

"மற்றப் பக்கம் இருங்ககா."

"அடுத்த சனி பாப்பம்."

அடுத்த சனி வந்தால், சனம் கூடிப்போச்சு. அதுக்கடுத்த சனி வந்தால், சனமே இல்லை, என்ன சாப்பாடோ. நான் வானுக்குள்ளை இருந்து அவரைப் போலச் சொல்லிக் காட்டுவன்: "பிள்ளை, கடலிலை அலை கூட. அலை குறைஞ்சாப் பிறகு சாப்பிடுவம்." மாமாங்கம் அண்ணை சீற் பெல்டுக்குள்ளை கிடந்து குலுங்குவார். சண்முகலிங்கத்தார் யன்னலாலை வெளியிலை பார்த்துக்கொண்டு, "உன்ரை வாயை உந்தச் சலவை மெசினிலை போடவேணும், சூடு கூட்டி" எண்டுவார். கோவம் இல்லை. மனுசன் கஞ்சனும் இல்லை. பெற்றோல் அடிக்க நிப்பாட்டினால் மூண்டு ஐஸ்கிறீமோடைதான் திரும்பி வருவார்.

விசயம் மீன். மீன் கூட இல்லை, அவற்றை தம்பி.

மே மாதம் வன்னியிலை சண்டை எல்லாம் முடிஞ்சுது. அவற்றை தம்பி குலேந்திரன் அங்கை இருந்தவர். கலியாணம் கட்டேல்லை. உழவு மெசின் திருத்திறவர். மாசி மாதம் ஆற்றையோ போனிலை கதைச்சதுதான் கடைசி. முகாமிலை தேடிப் பார்க்கச் சொன்ன ஆக்கள் "இஞ்சை ஆளில்லை" எண்டு சொல்லியிட்டினம். செத்ததைக் கண்டனாங்கள் எண்டு சொல்லவும் ஒருதரும் இல்லை. இது எழுதிற வரைக்கும் அவ்வளவுதான்.

எங்கடை ஆக்களிலை கூடப்பிறந்தது செத்தால் துடக்கு, தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் வீட்டிலை மச்சம் இல்லை, மீனும் இறைச்சியும் அடுப்பிலை ஏறாது. கோயிலுக்குள்ளை போறேல்லை. ஆம்பிளையள் சவரம் எடுக்கிறேல்லை. தூர இருக்கிற ஆக்களுக்குச் சேதி கேட்ட நாளிலை இருந்து கணக்கு. சேதியே வராட்டில் என்ன செய்யிறது எண்டு ஒருதரும் சொல்லி வைக்கேல்லை. சண்முகலிங்கத்தார் கோயில் ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டவர். ஐயர் மூக்காலை கதைக்கிறவர். "சேதி வந்தால் துடக்கு. வராட்டில் துடக்கில்லை. வேறை ஏதும்?" எண்டிருக்கிறார்.

"அவருக்கென்ன, சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டார்," எண்டார் சண்முகலிங்கத்தார். "நான் மீன் திண்டனெண்டால், தம்பி இருக்கிறான் எண்டு நானே சொன்ன மாதிரி. தின்னாமல் விட்டனெண்டால், போயிட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. ரெண்டிலை ஒண்டைச் சொல்ல நான் ஆர்?"

அதாலை மனுசன் ரெண்டுக்கும் நடுவிலை ஒரு ஒழுங்கைப் பாதை வெட்டி அதுக்குள்ளை நடக்கிறார். சவரம் எடுக்கிறேல்லை, தாடி வளர்க்கிறதும் இல்லை. மெசினாலை மட்டமா வெட்டி, எப்பவும் முந்தநாள் சவரம் எடுத்த முகத்தோடை திரியிறார். கோயிலுக்குப் போறார், உள்ளுக்குப் போறேல்லை. கார் விடுற இடத்திலை கார்க் கண்ணாடியைப் பதிச்சுப்போட்டு இருந்து மணிச்சத்தம் கேட்டிட்டு வாறார். மீன் இறைச்சி இல்லை. முட்டை? முட்டைக்கு ஒரு தனிச் சட்டம். "கேக்குக்குள்ளை கிடந்தால் பரவாயில்லை. முகம் காட்டப்படாது." ஒரு நாள் வேலையிடத்திலை அவிச்ச முட்டையை ரெண்டாப் பிளந்து பாணிலை வைச்சுக் குடுத்திட்டினம். அவர் அதைக் கன நேரம் பார்த்திட்டு மாமாங்கம் அண்ணையின்ரை பாணுக்கு மேலை தூக்கி வைச்சார். "நீ தின். இது முழிச்சுப் பார்க்குது."

அவற்றை மனுசி பரமேஸ்வரி அன்ரி இதிலை ஒரு பக்கமும் கதைக்கிறேல்லை. முதியோர் இல்லத்திலை வேலை. வீட்டிலை சைவம் சமைக்கிறா. ஆனால் சாமி அறையிலை விளக்குக் கொளுத்தாமல் விட்டதும் இல்லை. துடக்கு வீட்டிலை விளக்குக் கொளுத்திறேல்லை. அவர் அந்த அறை வாசலாலை போகேக்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாராம், கடன்காரனைக் கண்ட மாதிரி.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதிலை ஒரு பிழை நடந்தது. அது எங்கடை ஆக்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. கன தூரத்திலை இக்காஸ்ட் எண்ட ஊரிலை சரோஜினிதேவி எண்டு ஒரு அம்மா இருக்கிறா. நல்ல மனுசி, எங்கை செத்தவீடு எண்டாலும் முதல் ஆள். சண்முகலிங்கத்தார் கோயிலுக்குள்ளை வாறேல்லை எண்டு ஆரோ சொல்ல, அவ தானே முடிவு கட்டிப்போட்டா. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டிறேல்லை, அயல் சனம்தான் சமைச்சுக் கொண்டு போகவேணும். அதாலை விடிய எழும்பி, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் காய்ச்சி, பெரிய சருவச்சட்டியைத் துவாயாலை சுத்தி, காருக்குப் பின் சீற்றிலை பெல்ட் போட்டு இருத்தி, ஓல்போர்க்குக்கு வந்து மணி அடிச்சிருக்கிறா.

பரமேஸ்வரி அன்ரி கதவைத் திறந்தால், வெள்ளைச் சீலையும் சோத்துச் சட்டியும். ஒரு நொடியிலை விளங்கியிட்டுது. சட்டி வீட்டுக்குள்ளை வந்தால் அது செத்தவீடு.

"வாங்கோ அக்கா, வாங்கோ. என்ன, இண்டைக்கு ஆற்றை பிறந்தநாள்?"

சரோஜினிதேவி அம்மா சட்டியைப் பார்த்தா. பிறகு, "இல்லை... சும்மா... இந்த வழியாலை வந்தனான்," எண்டிருக்கிறா. இக்காஸ்டிலை இருந்து ஓல்போர்க் எந்த ஊருக்கு வழி எண்டு ஒருதரும் கேக்கேல்லை. சட்டியைக் காலடியிலை வைச்சிட்டு, விறாந்தையிலை சப்பாத்துகளுக்கு நடுவிலை நிண்டே தேத்தண்ணி குடிச்சிட்டு, அதைத் திரும்பவும் பெல்ட் போட்டு இருத்திக்கொண்டு போயிருக்கிறா. சோறும் ஒருக்கால் ஓல்போர்க்கைப் பார்த்திட்டுத் திரும்பிப் போச்சுது. சண்முகலிங்கத்தார் அவ்வளவு நேரமும் குளிக்கிற அறைக்குள்ளை தண்ணியைத் திறந்துவிட்டபடி நிண்டவராம்.

இதை நான் ரெண்டு பேரின்ரை குரலிலையும் வானுக்குள்ளை நடிச்சுக் காட்டினன். மாமாங்கம் அண்ணை சிரிச்சார். சண்முகலிங்கத்தாரும் சிரிச்சார், "அவ 'இல்லை' எண்டு சொல்லேக்கை இன்னும் கொஞ்சம் இழுப்பா" எண்டு என்னைத் திருத்தியும் விட்டார். கொஞ்சத் தூரம் போனாப் பிறகு சொன்னார்: "பாவம். அவ செய்ததிலை பிழை இல்லை. சேதி வர முதலே கெதியாச் செய்திட்டா."

போன சனிதான் கதை வேறையாய்ப் போனது.

ஹோட்டலிலை பின்கதவைத் திறக்கிறது இங்கா எண்ட மனுசி. மேசை எல்லாம் அவவின்ரை பொறுப்பு. ஜூட்லாந்து ஆள், அதிகம் கதைக்கமாட்டா. டெனிஷ்காரருக்கு 'நோ' எண்டு ஒரு சொல் இருக்கு, இங்கிலீஷ் நோ இல்லை. அப்பிடியோ, ஐயோ, சரி, போதும், நம்பமாட்டன் எல்லாத்துக்கும் அந்த ஒண்டுதான், ராகம் மட்டும் மாறும். இங்கா அதிலை கச்சேரி வைப்பா. அண்டைக்கு மூட்டையைக் குடுக்க, அவ வாங்காமல் கதவுக்குக் குறுக்கை நிண்டா.

"லிங்கேம்," எண்டா. அவற்றை பேரிலை அவவுக்கு ஏலுமானது அவ்வளவுதான். "இண்டைக்கு நீங்கள் மூண்டு பேரும் எங்கடை விருந்தாளியள். யன்னல் மேசை. துணி போட்டாச்சு."

"நாங்கள் வேலை உடுப்போடை நிக்கிறம்," எண்டார் சண்முகலிங்கத்தார், அவற்றை டெனிஷிலை. அது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாச் சவரம் எடுத்த டெனிஷ்.

"நோ. அங்கை ஒராள் குளிக்கிற உடுப்போடை இருக்கிறார்."

"சப்பாத்திலை மணல்."

"என்ரை சப்பாத்திலையும்."

"வான்..."

"வான் சாப்பிடாது."

மாமாங்கம் அண்ணை என்ரை காதுக்குள்ளை, "இந்த மனிசி நம்மட ஆள்கா," எண்டார்.

இங்கா குரலைக் குறைச்சா. "லிங்கேம், நான் உள்ளுக்கு நிண்டு பார்க்கிறனான். ஒவ்வொரு சனியும் நீங்கள் அந்தப் பெட்டியிலை மூண்டாவது வரியிலைதான் நிக்கிறனீங்கள். உங்களுக்கு உள்ளுக்கு வர வெக்கம் எண்டு எனக்கு விளங்குது. மீன் இண்டைக்கு விடிய வந்தது, இந்தக் கரையிலை ஏத்தின மீன். வந்து இருங்கோ." மூட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிட்டா.

சண்முகலிங்கத்தார் வானுக்குப் பின்னாலை போய்ப் படியிலை இருந்தார்.

"என்ன செய்யிறது மாமாங்கம்?"

"போய்ச் சாப்பிடுற."

"மரக்கறி கேப்பமோ?"

"கேக்கலாம். அந்த மனிசி விடிய வந்த மீன் எண்டு சொல்லிப்போட்டுப் போகுது, நீங்க கரட் திண்டா முகம் எப்பிடி இரிக்கும்?"

"நீ எண்டால் என்ன செய்வாய்?"

மாமாங்கம் அண்ணை படியிலை அவருக்குப் பக்கத்திலை இருந்தார். அவற்றை அண்ணனும் செத்த ஆள்தான், முந்தியே, மட்டக்களப்பிலை. "நாங்க எரிச்சம் அண்ணன். எரிச்சாத் தெரியும், முடிஞ்சிது எண்டு. மறுகா ஒரு நாளைக்கு மீன் வாங்கிக் காய்ச்சித் திண்டம். உங்களுக்கு நான் என்ன சொல்லுற."

"அதுதானே. தொடங்காத துடக்கை எப்பிடிக் கழிக்கிறது." சப்பாத்தைக் கழட்டி மணலைக் கொட்டினார். நிறையக் கொட்டுப்பட்டது. மற்றதையும் கழட்டினார். "தம்பி மாசியிலை போன் எடுத்தவன்தானே. போனிலை எப்பவும் முதல்க் கேள்வி அதுதான், 'அண்ணை, இண்டைக்கு என்ன கறி?' அண்டைக்கும் கேட்டான். அங்கை அவங்கள் கஞ்சியோடை இருக்கிறாங்கள். நான், 'பசிக்கேல்லையடா, சும்மா தேத்தண்ணி குடிச்சனான்' எண்டன். அவனுக்குக் கோவம் வந்திட்டுது. 'பொய் சொல்லாதேங்கோ. உங்கை மீன் திண்டிருப்பியள். என்ன மீன், எப்பிடிக் காய்ச்சினது எண்டு சொல்லுங்கோ. இஞ்சை கேக்கவாவது இருக்கட்டும்' எண்டான்."

"சொன்னீங்களோ?" எண்டு கேட்டன்.

"சொல்லத் தொடங்கினன். லைன் போயிட்டுது."

காத்து வானின்ரை பின்கதவை ஒருக்கால் அடிச்சுத் திறந்தது. அவர் சப்பாத்தைப் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டி எழும்பினார். "அவ மேசை போட்டிட்டா. போகாட்டில் மனம் நோகும். மரியாதைக்குப் போவம்."

முன்வாசலாலை போனம். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்காமலே போனார். உள்ளுக்கு வெய்யில் நிறைஞ்சு கிடந்தது. குளிக்கிற உடுப்போடை இருந்த ஆள் உண்மையாய் இருந்தார், தோளிலை எங்கடை துவாய். யன்னல் மேசையிலை சண்முகலிங்கத்தார் கதிரை நுனியிலை இருந்து, துணியை ரெண்டு விரலாலை தடவிப் பார்த்தார். "இது எங்கடை செவ்வாய்க்கிழமைத் துணி," எண்டு எனக்குச் சொன்னார், சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. பிறகு தண்ணிக் கிளாசை ரெண்டு கையாலையும் தூக்கி, ரெண்டு கையாலையும் வைச்சார். ஒரு துளி விழேல்லை. இவ்வளவு காலமும் மற்ற ஆக்களின்ரை கறையை வாசிச்ச மனுசனுக்குத் தன்ரை கறையை விட்டிட்டுப் போகப் பயம்.

இங்கா வந்து நிண்டா. மாமாங்கம் அண்ணை மீன் எண்டார். நானும் மீன்.

"லிங்கேம்? மீனோ, மரக்கறியோ?"

அவர் யன்னலாலை கடலைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

"யா தக்," எண்டார். ஓம், நன்றி.

மீனோ மரக்கறியோ எண்டு கேட்டால் அதுக்கு அது மறுமொழி இல்லை. இங்கா "நோ" எண்டா, அண்டைக்குக் கேட்ட எல்லா நோவிலையும் மெல்லிசான நோ, மீன் எண்டு எடுத்துக்கொண்டு போயிட்டா. நான் சண்முகலிங்கத்தாரைப் பார்த்தன். அவர் என்னைப் பார்க்கேல்லை. இன்னும் ஒழுங்கைக்குள்ளைதான் நடக்கிறார் எண்டு விளங்கியிட்டுது. தான் கேக்கேல்லை, அவ கொண்டுவந்தவ எண்டு பிறகு சொல்லலாம்.

மீன் வந்தது. பெரிய மீன், தட்டை விட்டு வால் வெளியிலை. தோல் பொன்னிறமாய் மொறுமொறுத்து, அதிலை வெண்ணெய் இன்னும் பொரிஞ்சுகொண்டு கிடந்தது. "வெயர்ஸ்கோ," எண்டு வைச்சா இங்கா. சாப்பிடுங்கோ எண்டு. வைச்சிட்டுப் போகாமல், பக்கத்து மேசையிலை கரண்டியை அடுக்கிற சாட்டிலை நிண்டா. அவ முகத்திலை ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோசம்.

சண்முகலிங்கத்தார் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்தார். நடுவாலை ஒரு கோடு கீறி, சின்னத் துண்டு ஒண்டை எடுத்து, உருளைக்கிழங்கிலை ஒட்டி, சோஸிலை தோய்ச்சு, மீனை ஒளிச்சு வைச்ச மாதிரி வாயிலை வைச்சார். மென்றார். கன நேரம் மென்றார். மாமாங்கம் அண்ணை தன்ரை தட்டிலை கண்ணை வைச்சிருந்தார், ஆனால் சாப்பிடேல்லை. நானும் இல்லை.

"நல்லாயிருக்கோ?" எண்டு இங்கா கேட்டா.

"நல்லாயிருக்கு."

அவ உள்ளுக்குப் போனா. அவர் தொடர்ந்து சாப்பிட்டார். குறை சொல்லேல்லை. துண்டு துண்டாய் எடுத்து, மேல்பக்கச் சதை முழுக்க முடிச்சார். மீன் நடுவிலை முள்ளு வெறுமையாய்த் தெரிஞ்சுது, தலைப்பக்கத்திலை இருந்து வால் வரைக்கும். முள்ளுக்குக் கீழை மற்றப் பக்கம் தொடாமல் அப்பிடியே கிடந்தது. கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டிலை சாய்ச்சு வைச்சிட்டுத் தண்ணி குடிச்சார்.

மாமாங்கம் அண்ணை மெல்லக் குனிஞ்சார். அவற்றை குரலிலை அவ்வளவு பதம் நான் முந்திக் கேக்கேல்லை. "காணும் அண்ணன். அந்த மனிசிக்காக மரியாதைக்குச் சாப்பிட்டாச்சு. அரைவாசி எண்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. எழும்புவமா?"

வெளியிலை ஒரு கார் மணலிலை புதைஞ்சு, நாலு பேர் தள்ளிக்கொண்டு நிண்டினம். சண்முகலிங்கத்தார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கிளம்பிப் போகுமட்டும் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, வால்ப்பக்கத்தாலை முள்ளுக்குக் கீழை விட்டு, மெல்லக் கிளப்பினார். நடுமுள்ளு முழுசா, ஒரு இடமும் முறியாமல் எழும்பி வந்தது. அதைத் தட்டின்ரை ஓரத்திலை வைச்சார். கத்தியைக் கீழை வைச்சிட்டு, சேட்டுக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு, கையாலை அடிப்பக்கத்துச் சதையைப் பிச்சு வாயிலை போட்டார்.